அடிபட்ட பிள்ளையின் சாட்சியம்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பர் நம்மவர். அடியாத மாடு படியாது என்பர். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்றும் சொல்வர். பழமொழி மக்களின் அனுபவத் திரட்சி என்று நாம் பல காலமாக எழுதியும் பேசியும் வருகிறோம். அது பெரும்பாலும் சரியே. ஆயின், இப்பழமொழிகளை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால், இவற்றுள் ஒன்றேனும் அடிபட்டவன் வாயிலிருந்து பிறந்ததன்று என்பது புலப்படும். முருங்கை பேசவில்லை, மாடு பேசவில்லை, பிள்ளையும் பேசவில்லை. தடி பிடித்த கையே இங்கு மக்களின் குரலாக நின்று பேசியிருக்கிறது. உழுபவன் சொன்ன பழமொழியையும் நிலவுடைமைக்காரன் சொன்ன பழமொழியையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட நாம், வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த விவேகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

பிள்ளையின் வாக்குமூலம் எங்கே பதிவாகியிருக்கிறது? நீதிமன்ற ஏடுகளிலே அதனைத் தேடிப் பயனில்லை. இலக்கியத்திலேதான் தேட வேண்டும். அங்கும் அது எளிதிற் கிடைப்பதில்லை. ஏனெனில், எழுத வல்லவனாகும்போது பிள்ளை பெரியவனாகிவிடுகிறான், பெரியவனானதும் தடி பிடித்தவரின் நியாயங்கள் அவனுக்கு விளங்கத் தொடங்கிவிடுகின்றன. பட்ட அடியை மறவாமலும், அடித்தவரின் நியாயத்துக்கு முழுவதும் இடங்கொடாமலும் எழுதியவர் சிலரே. அவர்களுள் மூவரை இங்கு நோக்குவோம்: அந்தன் செக்கோவ், மாக்சிம் கோர்க்கி, பிராண்ஸ் காஃப்கா. முதலிருவரும் நமது முற்போக்கு வாசகருக்கு உறவினர் போன்றவர். மூன்றாமவரை நம்முட் பலர் நம்பிக்கையின்மையின் பாடகன் என்று ஒதுக்கி வைத்ததுண்டு. மூவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை கண்ணிற்படுகிறது. மூவரும் கடையோ பட்டறையோ நடத்திய வீடுகளில் வளர்ந்தவர்கள். செக்கோவின் தந்தைக்குத் தகன்றோக் நகரிலே பலசரக்குக் கடை. கோர்க்கியின் பாட்டனுக்கு நீஷ்னி நோவ்கொரத்திலே சாயப்பட்டறை. காஃப்காவின் தந்தைக்குப் பிராக் நகரிலே ஆடம்பரப் பொருட்கடை. தந்தையே முதலாளி, முதலாளியே தந்தை. கடைப்பையனை அடித்த கையும் மகனை அடித்த கையும் ஒன்றாகவே இருந்தமையால், அந்தக் கை எவ்வாறு இயங்குகிறது என்பதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அச்சிறுவர்க்குக் கிட்டியது.

கோர்க்கியிலிருந்து தொடங்குவோம். 1913-14ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது குழந்தைப்பருவ வரலாற்றிலே சாட்டையடிச் சனிக்கிழமை ஒன்றை அவர் விவரித்திருக்கிறார். தந்தையை இழந்து, தாயோடு பாட்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்த சிறுவன் அலெக்ஸி. துணிகள் நிறம் மாறும் வித்தை அவனை வியப்பிலாழ்த்துகிறது. மாமன் மகன் சாஷா சொல்லிக்கொடுத்தபடி, பண்டிகைக்கு விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்பை எடுத்து நீலச்சாயத்தில் தோய்க்கிறான். சனிக்கிழமை மாலை, கோவில் வழிபாட்டுக்கு முன்னர், வாரக்கணக்குத் தீர்க்கும் நேரம் வருகிறது. முதலிற் சாஷாவின் முறை. அவன் செய்த குற்றம் வேறு: கண்பார்வை மங்கிய பட்டறை மேற்பார்வையாளரின் விரற்கூட்டைக் காய்ச்சி வைத்தான், அதனைப் பாட்டனே எடுத்து விரலில் மாட்டிக்கொண்டுவிட்டார். சூழ்ச்சி சொல்லிக்கொடுத்தவர் வளர்ந்த மாமன்; அடி வாங்குபவன் சிறுவன். பிரம்பின் கீழே கிடந்து, மேசைவிரிப்பு விடயத்தைக் காட்டிக்கொடுத்தவன் தானேயல்லவா என்று சாஷா கதறுகிறான். கோள் சொன்னது மன்னிப்புக்குக் காரணமாகாது என்று அதற்கும் சேர்த்து இன்னும் சில அடிகள் விழுகின்றன.

இக்காட்சியை வாசிப்போர் இரத்தக் கோடுகளைப் பற்றியே பேசுவர். கோர்க்கியின் சிறுவன் கண்டது அதனினும் அதிகம். மறைத்தாலும் குற்றம், சொன்னாலும் குற்றம். ஏவியவன் தப்புகிறான், ஏவப்பட்டவன் படுக்கவைக்கப்படுகிறான். அறையிலே நிற்கும் பெரியவர் எவருக்கும் இது புதிதன்று. தன் முறை வந்தபோது அலெக்ஸி பாட்டனின் தாடியைப் பிடித்திழுக்கிறான், விரலைக் கடிக்கிறான். நினைவிழக்கும் வரை அடிக்கப்படுகிறான். பின்னர்க் காய்ச்சலிற் குப்புறக் கிடந்த நாட்களில், தாய்க்கும் பாட்டிக்கும் நடந்த பேச்சொன்று அவன் காதில் விழுகிறது. மகனை ஏன் இழுத்துக்கொண்டு போகவில்லை என்று பாட்டி கேட்கிறாள். பயந்துவிட்டேன் என்கிறாள் தாய். உலகிலேயே வலிமை மிக்கவள் என்று அவன் எண்ணியிருந்த தாய், மற்றவர்களைப் போலவே பாட்டனுக்கு அஞ்சுகிறாள். முதுகுக் காயத்திலும் பார்க்க இந்தக் கண்டுபிடிப்பே சிறுவனை அதிகம் தாக்குகிறது. அந்நாட்களிலேதான் தன் நெஞ்சின் தோல் உரிந்துபோனது போலாயிற்று என்றும், தனக்கும் பிறருக்கும் நேரும் ஒவ்வோர் அவமானத்தையும் தாங்க மாட்டாத நிலை அன்று முதல் வாய்த்தது என்றும் கோர்க்கி எழுதுகிறார். இதனை அடியின் நற்பயன் என்று எவரும் கணக்கிற் சேர்த்துவிடலாகாது. அதே சாட்டையின் கீழ்க் கிடந்த சாஷா எழுத்தாளனாகவில்லை.

பின்னர்ப் பாட்டன் வருகிறார். கையிலே ஆட்டுருவத்தில் வார்த்த இனிப்புப் பணியாரம், சர்க்கரை மிட்டாய், ஆப்பிள், உலர்ந்த முந்திரிகை. கட்டிலருகில் அமர்ந்து சமாதானம் பேசுகிறார். அன்று கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அதனாலென்ன, கூடுதலாக விழுந்தது அடுத்த முறைக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்கிறார். கடைக்காரனின் மொழியை இதனிலும் துல்லியமாக எவரும் பிடித்ததில்லை. அடியும் ஒரு சரக்கு, முன்பணமாகவும் கொடுக்கலாம். தொடர்ந்து அவர் தமது இளமையைச் சொல்கிறார்: வால்கா நதியில் நீரோட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் கயிறு கட்டித் தோளால் இழுத்த நாட்கள், தாமும் வாங்கிய அடிகள். அந்நியன் அடித்தால் அவமானம், சொந்தக்காரன் அடித்தால் அது பாடம் என்று முடிக்கிறார். சிறுவன் அக்கதையில் மயங்குகிறான். பாட்டன் அவன் கண்முன் ஒரு வீரனாக வளர்கிறார். பாட்டன் போன பின்பும் அவர் முழுவதும் கொடியவர் அல்லர் என்றே அவனுக்குப் படுகிறது. ஆனால் அவர் அடித்ததை மறக்கவும் அவனால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கச் சிறுவனால் முடிகிறது. நம் விமர்சகருக்குத்தான் முடிவதில்லை.

இதனைச் சற்று விளக்க வேண்டும். தொழிலாளியோ ஏழை விவசாயியோ பிள்ளையை அடிக்கும் காட்சி ஒரு கதையில் வந்தால், நம்மிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: அடித்தவன் தந்தையல்லன், சமுதாயமே அடித்தது. வெளியே உதைபட்டவன் உள்ளே வந்து உதைக்கிறான். இவ்விடை பொய்யன்று; வால்காப் படகுக் கயிற்றின் தழும்பு பாட்டனின் தோளில் இருந்ததற்குக் கோர்க்கியே சாட்சி. எனினும் விடையை அத்துடன் நிறுத்தினால், நாம் பாட்டனின் கட்டிலுரையையே வேறு சொற்களிற் சொன்னவர்களாவோம். அவரும் தாம் பட்ட துன்பத்தைத்தானே நியாயமாகக் காட்டினார்? அதே வீட்டிலே அதே வறுமையையும் அதே உதையையும் கண்ட பாட்டி இருக்கிறாள். அவள் பேரனுக்காகக் குறுக்கே பாய்கிறாள். பட்டறை வேலைக்காரனான இளைஞன் சிகனோக், தெருவில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட அநாதை. அடி விழும்போது தன் கையைக் குறுக்கே நீட்டிப் பிரம்பைத் தன்மேல் வாங்கி, சிவந்து தடித்த அக்கையைப் பின்னர்ச் சிறுவனுக்குக் காட்டுகிறான். அடுத்த முறை அடிக்கும்போது உடம்பை இறுக்காதே, கூழ்போலத் தளர்த்திவிடு என்று பாடமும் சொல்லிக்கொடுக்கிறான். சமுதாயம் இவ்விருவரையும் பாட்டனிலும் பார்க்க மென்மையாக நடத்திவிடவில்லை. சமுதாயம் தடியைக் கையிற் கொடுக்கிறது என்பது உண்மை. ஓங்குவதா, கையைக் குறுக்கே நீட்டுவதா என்ற இடத்தில் மனிதனுக்கு ஒரு பொறுப்பு எஞ்சி நிற்கிறது. அப்பொறுப்பைக் கோர்க்கி எவரிடமிருந்தும் பறித்துவிடவில்லை.

‘தாய்’ நாவலை வாசித்திராத முற்போக்கு எழுத்தாளர் நம்மிடையே இரார். ரகுநாதனின் மொழிபெயர்ப்பு கைமாறிக் கைமாறித் தாள் கிழிந்த வரலாறு பலருக்கும் தெரியும். மே தின ஊர்வலத்தையும் நீதிமன்ற உரையையும் நாம் மேடைகளிலே எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். ஆனால் தொடக்க அத்தியாயங்களிலே ஒரு சிறு காட்சி உண்டு. பதினான்கு வயதுப் பாவெலின் தலைமயிரைப் பிடிக்கத் தந்தை கை நீட்டுகிறான். பையன் கனத்த சுத்தியலை எடுத்துக்கொண்டு, தன்னைத் தொடக் கூடாது என்கிறான். தந்தை கையைப் பின்னே வாங்குகிறான்; இறக்கும்வரை மகனோடு பேசுவதில்லை. புரட்சியாளன் பாவெலின் முதலாவது எதிர்ப்பு ஆலை முதலாளிக்கு எதிராக எழவில்லை. ஆலையில் நசுங்கிய தன் தந்தைக்கு எதிராக எழுந்தது. கோர்க்கி இதை முதலில் வைத்தார். நாம் ஏனோ இதைக் கடந்து சென்றுவிட்டோம்.

செக்கோவின் குடும்ப வரலாற்றில் இந்தச் சங்கிலி இன்னும் வெளிப்படையானது. அவருடைய பாட்டன் பண்ணையடிமையாகப் பிறந்து, 1841இற் பணங்கட்டிக் குடும்பத்தின் விடுதலையை வாங்கியவர். தந்தை கடை முதலாளியானார், பக்திமானானார், பிள்ளைகளையும் கடைப்பையன்களையும் அடித்தார். 1889 சனவரியிலே தமையன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், கொடுங்கோன்மையும் பொய்யும் தங்கள் குழந்தைப்பருவத்தை உருக்குலைத்ததைச் செக்கோவ் நினைவூட்டுகிறார். சூப்பிலே உப்புக் கூடியதற்காகத் தந்தை மேசையில் எழுப்பிய கூச்சலையும், தாயை முட்டாளென்று ஏசியதையும் எழுதுகிறார். கடிதம் எழுந்த காரணம் முக்கியமானது: அலெக்சாந்தர் இப்போது தம் சொந்த வீட்டிலே அதே கூச்சலை எழுப்பிக்கொண்டிருந்தார். அதைக் கண்டு வந்த தம்பி எழுதிய கடிதம் அது.

அவருடைய ‘வான்கா’ சிறுகதை 1886ஆம் ஆண்டின் நத்தார் காலத்தில் வெளிவந்தது. நம் வாசகர்க்கு நன்கு பழக்கமான கதை. ஒன்பது வயது அநாதை. மொஸ்கோவிலே செருப்புத் தைப்பவனிடம் வேலை பழக விடப்பட்டவன். எசமானின் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டியபடி தூங்கிவிட்டதற்காகத் தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவரப்பட்டு வாரடி வாங்கியதையும், மீனை வாற்புறத்திலிருந்து துப்புரவாக்கியதற்காக எசமானி அம்மீனின் மூஞ்சியாலேயே தன் முகத்தில் இடித்ததையும் பாட்டனுக்குக் கடிதமாக எழுதுகிறான். கிராமத்துப் பாட்டனுக்கு என்று மட்டும் முகவரி எழுதித் தபாற்பெட்டியிற் போடுகிறான். அக்கடிதம் போய்ச் சேராது என்பது வாசகனின் நெஞ்சைப் பிழிகிறது; கதையைப் பற்றி எழுதியோர் யாவரும் இம்முடிவைப் போற்றியிருக்கின்றனர். எனக்கோ கடிதத்தின் நடுவே வரும் ஒரு வேண்டுதல்தான் மறக்க முடியாதது. தன்னை அழைத்துப் போகும்படி கெஞ்சும் வான்கா, அங்கே வந்து தான் ஏதேனும் பிழை செய்தால் பாட்டன் தன்னை ஆட்டை அடிப்பதுபோல் அடிக்கலாம் என்று எழுதுகிறான்! அடியிலிருந்து தப்ப விரும்பும் பிள்ளை, அதற்கு விலையாகத் தன் முதுகையே கொடுக்க முன்வருகிறான். கொடுப்பதற்கு அவனிடம் வேறொன்றும் இல்லை. சொந்தக்காரன் அடித்தால் பாடம் என்ற பாட்டன்மாரின் தத்துவம், ஒன்பது வயதிலேயே அவன் இரத்தத்திற் கலந்துவிட்டது.

அடியாத தந்தையையும் செக்கோவ் எழுதிப் பார்த்திருக்கிறார். 1887இல் எழுதிய ‘வீட்டில்’ என்ற கதையிலே அரசாங்க வழக்குத் தொடுநர் ஒருவர், புகைபிடித்த ஏழு வயது மகனை விசாரிக்கிறார். பிறருடைய பொருளை எடுக்கலாகாது என்று சட்ட விளக்கம் சொல்கிறார். மகன் பெருந்தன்மையோடு, அப்பாவின் மேசையிலே நிற்கும் மஞ்சள் நாய் தன்னுடையதுதான், பரவாயில்லை, அது அங்கேயே நிற்கட்டும் என்கிறான். அவன் வரையும் படத்திலே சிப்பாய் வீட்டிலும் உயரமாக நிற்கிறான். ஏனெனில் சிறிதாக வரைந்தால் கண்கள் தெரியாமற் போய்விடுமாம். சிரிப்போடு சொல்லப்பட்ட கதைதான். இருந்தாலும், நீதிமன்றங்களிற் பெரியவர்களைச் சிறைக்கனுப்பும் வாதங்கள் ஒரு சிறுவன்முன் ஏன் தோற்றுப்போகின்றன என்று அத்தந்தையைக் கேட்கவைத்துவிடுகிறார் செக்கோவ்.

காஃப்காவுக்கு வருவோம். அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் 1919 நவம்பரில் எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. கையெழுத்தில் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அக்கடிதத்தைத் தாயிடம் கொடுத்தாரென்றும், தாய் அதைத் தந்தையிடம் சேர்ப்பிக்காமல் மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாரென்றும் அவருடைய நண்பர் மக்ஸ் புரோட் எழுதியிருக்கிறார். 1952இலேதான் அது முழுமையாக அச்சேறியது. கிராமத்து மோட்டுவளைக்குக் கீழே கனவிற் படிக்கப்பட்ட வான்காவின் கடிதத்தைப்போல இதுவும் முகவரி சேராத கடிதமே.

இதில் வியப்பு யாதெனில், காஃப்காவின் தந்தை அவரை உண்மையில் அடித்ததே இல்லையெனலாம். இரவிலே தண்ணீர் கேட்டு அழுத குழந்தையைத் தூக்கிச்சென்று, இரவுடையோடு வெளித்தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவை மூடியது ஒருமுறை. மற்றும்படி கூச்சல், சிவக்கும் முகம், காற்சட்டை வாரை அவசரமாகக் கழற்றி நாற்காலி முதுகில் ஆயத்தமாகத் தொங்கவிடுதல். தூக்குமேடைக்குரிய ஆயத்தங்கள் யாவையும் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் மன்னிப்புப் பெறுபவன் வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து மீளமாட்டான் என்ற கருத்தை அவர் விரித்துரைக்கிறார். அடித்தால்தான் அடியா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘நான் என் பிள்ளைகளைத் தொட்டதே இல்லை’ என்று பெருமை பேசும் தகப்பன்மார் இப்பக்கங்களை வாசிப்பது நன்று.

காஃப்காவின் கடிதத்திலே சட்டம் பற்றிய பகுதியே எனக்கு உயிர்நாடியாகத் தோன்றுகிறது. சாப்பாட்டு மேசையிலே எலும்பைக் கடிக்கலாகாது, தந்தை கடிக்கலாம். பாணை நேராக வெட்ட வேண்டும். தந்தை குழம்பு வடியும் கத்தியால் வெட்டலாம். விதி விதித்தவர் விதிக்கு வெளியே இருந்தார். இதைக் கண்ட சிறுவனுக்கு உலகம் மூன்றாகப் பிளந்துவிடுகிறது: தனக்கென்றே ஆக்கப்பட்ட சட்டங்களின் கீழ்த் தான் அடிமையாக வாழும் உலகம், அதற்கு எட்டாத தூரத்தில் தந்தை ஆணையிட்டுக் கோபிக்கும் உலகம், ஆணையுமின்றிக் கீழ்ப்படிதலுமின்றி மற்ற மனிதர் வாழும் உலகம். ‘விசாரணை’ நாவலின் ஆசிரியர் அதிகாரவர்க்க அரசைப் பற்றி அறிந்துகொண்ட முதற் பாடசாலை அந்தச் சாப்பாட்டு மேசையே. கடையிலே சிப்பந்திகளைத் தந்தை சம்பளம் வாங்கும் பகைவர் என்று ஏசினார். வேண்டாத சரக்கைக் கையால் தட்டிக் கீழே தள்ளினார், சிப்பந்தி குனிந்து பொறுக்கினான். அதைப் பார்த்துத் தான் சிப்பந்திகளின் கட்சியைச் சேர்ந்தவனானதாக மகன் எழுதுகிறார். அவரை மக்களிடமிருந்து விலகிய எழுத்தாளர் என்று தீர்ப்புக் கூறியவர்கள் இவ்விடத்தை வாசித்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுதியவன். ஆகவே இதனைச் சொல்லும் கடமை எனக்குண்டு.

மூவரது சாட்சியமும் ஓரிடத்திற் கூடுகிறது. அடியின் வலியைப் பற்றி இவர்கள் அதிகம் பேசவில்லை. யாருக்கு விதி, யாருக்கு விலக்கு. யார் ஏவினான், யார் அகப்பட்டான். அறையில் நின்ற யார் வாய்மூடி இருந்தான் என்பதையே பிள்ளை கவனித்து வைத்திருக்கிறது. ஒழுக்கம் கற்பிப்பதாக எண்ணிப் பெரியவர் தடியெடுத்த வேளையிலே, பிள்ளை கற்றுக்கொண்டிருந்தது அரசியல்.

இச்சாட்சியம் உரியவரிடம் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றும் பதிவாகியிருக்கிறது. சுவீடன் நாட்டுச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் அஸ்திரிட் லிண்ட்கிரன், 1978இல் ஜெர்மன் புத்தக வாணிகரின் சமாதானப் பரிசைப் பிராங்பேர்ட் நகரிற் பெற்றபோது, தாம் ஒரு முதியவளிடம் கேட்ட கதையைச் சொன்னார். அம்முதியவள் இளந்தாயாக இருந்த காலத்தில், அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நம்பப்பட்டது. அவளுக்கு அடிப்பதில் மனமில்லை. எனினும் ஒருநாள் மகன் செய்த குற்றத்துக்காக, வெளியே போய் அடிப்பதற்குத் தடியொன்று தேடிக்கொண்டு வா என்று அவனை அனுப்பினாள். நெடுநேரம் கழித்து அழுதுகொண்டு வந்த சிறுவன், தடி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறியலாம் என்று நீட்டினான். அம்மாவுக்குத் தன்னை நோகச் செய்ய வேண்டும். அதற்குக் கல்லும் போதுமே! தாயும் அழுதாள். அக்கல்லைச் சமையலறைத் தட்டிலே எடுத்து வைத்தாள். அது அங்கேயே இருந்தது. மறு ஆண்டு, 1979இல், பெற்றோரும் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று சட்டமியற்றிய முதல் நாடாயிற்று சுவீடன். லிண்ட்கிரனின் உரையால்தான் அது நடந்தது என்பது மிகை. அந்நாட்டிற் சட்டத்திருத்தங்கள் பல ஆண்டுகளாகவே படிப்படியாக நிகழ்ந்து வந்தன. ஆயினும் சட்டத்துக்குரிய காரணம் முழுவதும் அக்கல்லிலே இருக்கிறது.

இக்கதையை முதன்முதல் வாசித்தபோது எனக்குப் பூவரசங் கதியால் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலே அடிவாங்கப் போகிறவனே வேலிக்குப் போய்த் தடி முறித்து வர வேண்டும். மெல்லிய தடிதான் அதிகம் உறைக்கும், மொத்தத் தடியால் ஐயாவே ஓங்கி அடிக்கத் தயங்குவார் என்பதெல்லாம் எட்டு வயதுக்குள் எங்களுக்குத் தெரியும். இலையை உரிக்கும் சாக்கில் எவ்வளவு நேரம் கடத்தலாம் என்பதும் தெரியும். கல்லைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

எண்பது கடந்த என் தந்தையாருக்கு அந்தக் கல்லின் கதையைத் தமிழிற் சொன்னேன். சாய்மனைக் கதிரையிற் படுத்திருந்தவர் நெடுநேரம் பேசவில்லை. தாம் அடித்ததைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய ஐயா அவரை வளவு மாமரத்திலே கட்டிவைத்தாராம். முசுறு ஏறிய மரம். எத்தனை வயதில் என்பது அவருக்கு ஞாபகமில்லை. கட்டிய கயிறு கிணற்றுத் துலாக்கயிறு என்பதும், அது நனைந்திருந்தது என்பதும் ஞாபகமிருந்தன.